சைட்டுக்கு பைல் ஏறுதில்லையா? சேர்வர் செட்டிங்கில எங்க சிக்குது எண்டு கண்டுபிடிக்கிற முழு வழிகாட்டி

அருகம்பேயில கெஸ்ட்ஹவுஸ் வச்சிருக்கிறவங்க, மருதமுனையில கைத்தறிச் சாரன் சாரி போட்டோ போட்டு விக்கிறவங்க, கோயில் திருவிழாப் படம் ஏத்துற கழகத்துப் பொடியன்கள், பள்ளிக்கூட சைட்டைப் பாத்துக்கிற ஐசிடி டீச்சர், இவங்க எல்லாரும் கேக்கிறது கடைசியில ஒண்டுதான், "பைல் ஏறுதில்ல, என்ன செய்ற?" அதுக்கு வாற பதிலும் ஒண்டுதான், "நெட் ஸ்லோ போல, இரவைக்குப் போட்டுப் பாருங்க". நெட் காரணமா இருக்கிறதும் உண்டு, இல்லையெண்டு சொல்லல. ஆனா ஒரே பைல் எப்பப் போட்டாலும் ஒரே இடத்தில ஒரே மாதிரி நிண்டா அது நெட் இல்ல, சேர்வர் செட்டிங். நெட் பிழையெண்டா ஒருக்கா பத்து வீதத்தில நிக்கும், மறுகா எழுபதில நிக்கும், ஒருக்கா ஏறியும் போயிரும்.

இதில கணக்கப் பேர் செய்ற வேலை என்னெண்டா, யூடியூப்பில ஒரு வீடியோ பாத்துட்டு அதில சொன்ன செட்டிங்கை மாத்துறது, சரிவரல்லயெண்டா இன்னொண்டு, கடைசியில போல்டருக்கு 777, அதாவது ஆரும் எழுதலாம் எண்ட உரிமை, குடுத்து, செக்கியூரிட்டியையும் ஓஃப் பண்ணி, முதல்ல இருந்த பிழையோட புதுசா மூணு பிழையும் சேத்து வச்சிருப்பாங்க. அப்பிடி வேணாம். உங்கட பைல் உங்கட கொம்பியூட்டரில இருந்து சேர்வர் டிஸ்க்குக்குப் போய்ச் சேர இடையில நாலைஞ்சு பேர் அதைப் பாக்கிறாங்க, அந்தக் காலத்தில கொழும்பு பஸ்ஸில போனா ஒவ்வொரு சென்ட்ரியிலயும் இறங்கி ஏறின மாதிரி. எந்தச் சென்ட்ரியில திருப்பி அனுப்பினாங்க எண்டு தெரியாம எந்தச் செட்டிங்கிலயும் கை வைக்கக் கூடாது. கண்டுபிடிக்கிறதுதான் பெரிய வேலை, திருத்துறது ரெண்டு நிமிச வேலை.

ஒரு விசயம் முதல்லயே சொல்லிடுறன். செட்டிங் பேரெல்லாம் இங்க தமிழ் எழுத்தில எழுதியிருக்கன், சேர்வரில அதில கணக்க இங்கிலிஷ் சின்ன எழுத்தில, சொல்லுக்கு இடையில அண்டர்ஸ்கோர் போட்டுக் கிடக்கும், அப்பாச்சி செட்டிங்கில மட்டும் அண்டர்ஸ்கோர் இல்லாமச் சொல்லெல்லாம் சேந்து கிடக்கும், வாசிச்சுப் பாத்தா எதைச் சொல்றன் எண்டு விளங்கும்.

முதல் வேலை: சின்ன பைல் ஒண்டு ஏத்திப் பாருங்க

நோட்பேட்டில ரெண்டு வரி எழுதி, இங்கிலிஷ் சின்ன எழுத்தில பேர் வச்சு, இடைவெளி ஒண்டும் இல்லாம ஒரு டெக்ஸ்ட் பைல் செய்ங்க. அதை ஏத்துங்க. வேர்ட்பிரஸ்ஸெண்டா டெக்ஸ்ட் பைலுக்குப் பதிலா 20, 30 கேபி அளவில சின்னப் படம் ஒண்டு போதும். இப்ப மூணில ஒண்டு நடக்கும்.

சின்னது ஏறுது, பெரிசு ஏறுதில்லயெண்டா அது அளவு லிமிட், இல்லாட்டி நேர லிமிட். சின்னதும் ஏறுதில்லயெண்டா பெர்மிஷன், டிஸ்க் நிறைஞ்சது, லொகின், இல்லாட்டி செக்கியூரிட்டி பில்டர். சின்னது ஏறினதாச் சொல்லுது, ஆனா பிரவுசரில பாத்தா காணல்லயெண்டா போல்டர் பிழை, பேர் பிழை, கேஷில கிடக்கிற பழைய கொப்பி, இதில ஏதோ ஒண்டு. இந்த ஒரு டெஸ்ட்டைச் செய்யாம ஹோஸ்டிங்காரனுக்குக் கோல் எடுக்க வேணாம், அவனும் முதல்ல இதைத்தான் கேப்பான்.

அதோட வைபையை விட்டுட்டு போன் ஹொட்ஸ்பொட்டில, ஏலுமெண்டா வேற கம்பெனி சிம்மில, அதே பைலை ஒருக்கா ஏத்திப் பாருங்க. அதில ஏறினா, உங்கட ஐபியை, அதாவது உங்கட நெட் இணைப்பிட நம்பரை, சேர்வர் தடுத்து வச்சிருக்க வாய்ப்பு இருக்கு. பாஸ்வேர்ட் பிழையா அஞ்சு தரம் அடிச்சா பெயில்டுபேன் மாதிரிக் காவல் புரோகிராம் பத்து நிமிசத்துக்குத் தடுக்கும், அதுதான் அதோட வழமையான அளவு, ஹோஸ்டிங்காரங்க கூட்டியும் வச்சிருப்பாங்க. பைல் ஏத்துற புரோகிராமான பைல்சில்லாவில பழைய பாஸ்வேர்ட் சேவ் ஆகிக் கிடந்தா அது தானாத் திரும்பத் திரும்ப அடிச்சுத் தடையை வாங்கித் தந்திரும். மொபைல் டேட்டாவில ஒரு ஐபியைக் கணக்கப் பேர் பங்கு போட்டுத்தான் பாவிக்கிறாங்க, அதால நீங்க ஒண்டும் செய்யாமலே மாட்டுப்பட்டிருக்கவும் கூடும்.

ரெண்டாவது: நம்பரைப் பிடியுங்க

"அப்லோட் பெயில்ட்" எண்டு வாற மெசேஜால ஒரு பிரயோசனமும் இல்ல. அதுக்குப் பின்னால ஒரு மூணு இலக்க நம்பர் இருக்கும், அதுதான் வேணும். வேர்ட்பிரஸ் எடிட்டரில படம் போடக்குள்ள "இது சரியான ஜேசன் ரெஸ்பொன்ஸ் இல்ல" எண்ட மாதிரி ஒண்டு சொல்லும் பாருங்க, அதைப் பாத்துட்டு ஜேசன் எண்டா என்ன, அதை எங்க திருத்துற எண்டு தேடிப் போறவங்க கணக்க. ஜேசனில ஒரு பிழையும் இல்ல. சேர்வர் 413 எண்டோ 403 எண்டோ ஒரு பிழைப் பேஜை அனுப்பியிருக்கும், எடிட்டருக்கு அதை வாசிக்கத் தெரியாம அப்பிடிச் சொல்லுது. கொம்பியூட்டரில குரோமில எஃப்12 அமத்தி, நெட்வேர்க் எண்ட டேப்பைத் திறந்து வச்சுக்கிட்டு பைலைத் திரும்ப ஏத்துங்க, சிவப்பா ஒரு வரி வரும், அதில நம்பர் கிடக்கும்.

413 எண்டா பைல் பெரிசு. 403 எண்டா விடமாட்டன் எண்டு சொல்லுது, பெர்மிஷனோ பில்டரோ. 500 எண்டா சேர்வருக்குள்ள ஏதோ உடைஞ்சிருக்கு, நடந்ததைச் சேர்வர் எழுதி வைக்கிற லொக் பைலைப் பாக்காம சொல்லேலாது. 504 எண்டா உள்ளுக்க வேலை முடியப் பிந்திப் போச்சு, முன்னால நிண்ட சேர்வர் பாத்துக் களைச்சு விட்டுட்டு. 408 எண்டா உங்கட பக்கமிருந்து டேட்டா வரத் தாமதம், இது மட்டும் உண்மையில ஸ்லோ நெட்டோட சம்பந்தப்பட்டது. விண்டோஸ் சேர்வர், அதாவது ஐஐஎஸ் எண்டா ஒரு கூத்து இருக்கு, பைல் பெரிசெண்டா அது 404 காட்டும், முழுசா 404.13. பேஜ் காணல்ல எண்டு நினைச்சு லிங்க்கைத் தேடிக்கிட்டு இருப்பீங்க, உண்மையில அதோட வழமையான லிமிட் 3 கோடி பைட், அதாவது 28 எம்பி சொச்சம், அதைத் தாண்டினதுதான் பிரச்சினை.

எஃப்டிபியில ஏத்துறவங்களுக்கு

பைல்சில்லாவில ஏத்துறீங்கண்டா மேல ஓடுற அந்த மெசேஜ் ஜன்னலை மூடி வைக்காதீங்க, விடை அதிலதான் கிடக்கு. எஃப்டிபி எண்டது பைலை சேர்வருக்கு அனுப்புற ஒரு முறை, 1985ஆம் ஆண்டு எழுதின விதிமுறையில இண்டைக்கும் ஓடுற சாமான், அதில ரெண்டு இணைப்பு இருக்கு. கதைக்கிறதுக்கு ஒண்டு, அது போர்ட் 21. பைலையும் போல்டர் லிஸ்ட்டையும் அனுப்ப இன்னொண்டு. லொகின் ஆகுது, ஆனா போல்டர் லிஸ்ட் வராம 20 செக்கண்ட் நிண்டு டைம்அவுட் ஆகுது, இல்லாட்டி 425 வருதெண்டா, ரெண்டாவது இணைப்புத்தான் அடைபட்டுக் கிடக்கு.

உங்கட பக்கம் பாசிவ் மோட் எண்டு இருக்கா எண்டு பாருங்க. அக்டிவ் மோடில சேர்வர் திரும்பி உங்களைத் தேடி வரும், வீட்டு ரவுட்டருக்குப் பின்னாலயோ மொபைல் டேட்டாவிலயோ இருக்கிற ஆளை அதால கண்டுபிடிக்கேலாது. பாசிவ் போட்டும் வரல்லயெண்டா பிழை சேர்வரில. சேர்வர் ஒரு போர்ட் நம்பர் சொல்லும், ஆனா அந்த போர்ட்டை பயர்வோல் மூடி வச்சிருக்கும். சொந்த சேர்வரெண்டா, விஎஸ்எஃப்டிபிடி எண்ட எஃப்டிபி சேர்வர் புரோகிராமிட செட்டிங்கில பாஸ்வ்_மின்_போர்ட், பாஸ்வ்_மேக்ஸ்_போர்ட் எண்டு ஒரு வரிசையைக் குடுத்து, உதாரணமா 40000இல இருந்து 40100 வரைக்கும், அதே வரிசையைப் பயர்வோலிலயும் திறக்கணும். கிளவுட் சேர்வரெண்டா பயர்வோல் ரெண்டு இடத்தில இருக்கும், சேர்வருக்குள்ள ஒண்டு, அந்தக் கம்பெனிட கொன்ட்ரோல் பேனலில ஒண்டு, ரெண்டையும் திறக்கணும். சேர்வர் தன்ட உள் ஐபியை, 10 எண்டோ 192.168 எண்டோ துவங்கிறதை அனுப்புதெண்டா பாஸ்வ்_அட்ரஸ் எண்டதில வெளி ஐபியைப் போடுங்க.

இன்னொண்டு, இதில மாட்டுப்படாத ஆள் குறைவு. டொமைனை கிளவுட்ஃபிளேருக்கு, அதாவது சைட்டுக்கு முன்னால நிண்டு டிராபிக்கை வாங்கி அனுப்புற சேவைக்கு, மாத்தின அண்டையில இருந்து எஃப்டிபி வேலை செய்யாது. அங்க டொமைனுக்குச் செம்மஞ்சள் மேக அடையாளம் போட்டிருந்தா டொமைன் பேர் கிளவுட்ஃபிளேர் ஐபியைக் காட்டும், அவங்க வெப் டிராபிக்கைத்தான் கொண்டு போறாங்க, எஃப்டிபியை இல்ல. பைல்சில்லாவில டொமைனுக்குப் பதிலா சேர்வர் ஐபியைப் போடுங்க, இல்லாட்டி எஃப்டிபிக்கெண்டு தனியா ஒரு சப்டொமைன் செஞ்சு அதுக்கு சாம்பல் மேகம் வைங்க.

நம்பர் விசயத்துக்கு வந்தா, 530 எண்டா யூசர் பேர் இல்லாட்டி பாஸ்வேர்ட் பிழை. சிபேனலில, அதாவது ஹோஸ்டிங்காரன் தாற கொன்ட்ரோல் பேனலில, நீங்க புதுசாச் செஞ்ச எஃப்டிபி எக்கவுண்டெண்டா யூசர் பேர் முழுசா, அட் அடையாளமும் டொமைனும் சேத்து இருக்கணும், அரைவாசிப் பேரை அடிச்சா ஏத்துக்காது. 552 எண்டா உங்களுக்குத் தந்த இடம் முடிஞ்சு. 553 எண்டா அந்த போல்டருக்குள்ள பைல் செய்ய உங்கட யூசருக்கு உரிமை இல்ல. 550 பெர்மிஷன் டினைட் எண்டா, விஎஸ்எஃப்டிபிடியைப் புதுசாப் போட்டவங்க முதல்ல ரைட்_எனேபிளைப் பாருங்க, அது வரக்குள்ளயே நோ எண்டுதான் வரும், யெஸ் எண்டு மாத்தினாத்தான் எதையும் ஏத்தேலும்.

அதே புரோகிராமில இன்னொரு குழி லோக்கல்_உமாஸ்க். வழமையா 077. அப்பிடியே விட்டா ஏத்தின பைல் எல்லாம் 600 பெர்மிஷனோட போய்க் குந்தும், எஃப்டிபியில பாத்தா வடிவா இருக்கும், 226 டிரான்ஸ்பர் கம்ப்ளீட் எண்டும் சொல்லும், ஆனா பிரவுசரில 403, ஏனெண்டா வெப் சேர்வருக்கு அந்தப் பைலை வாசிக்க உரிமை இல்ல. 022 எண்டு மாத்திட்டு சேர்விஸை ரீஸ்டார்ட் பண்ணுங்க. ஏற்கனவே ஏறின பைலுக்கு அது தானா மாறாது, கையால 644 போடணும்.

சொந்த சேர்வர் வச்சிருந்தா என்ட அபிப்பிராயம், எஃப்டிபியை விட்டுட்டு எஸ்எஃப்டிபிக்குப் போங்க. போர்ட் 22, ஒரே இணைப்பு, பாசிவ் அக்டிவ் தலையிடி ஒண்டும் இல்ல, பாஸ்வேர்டும் வெளியில தெரியாது.

பெரிய படம் ஏறாட்டி: லிமிட்டுகளை வரிசையாப் பாக்கிறது

இதுதான் அதிகமா வாற கேஸ். இப்பத்தைய போனில எடுக்கிற ஒரு போட்டோ சாதாரணமா 4, 5 எம்பி வரும். வேர்ட்பிரஸ் மாதிரிச் சைட்டுகளை ஓட்டுற பிஎச்பி மொழி வரக்குள்ள அதோட அப்லோட்_மேக்ஸ்_ஃபைல்சைஸ் எவ்வளவு தெரியுமா, வெறும் 2 எம்பி. ஹோஸ்டிங்காரன் அதைத் தொடாம விட்டிருந்தா உங்கட போனில எடுத்த ஒரு படமும் ஏறாது, வட்ஸ்அப்பில வந்த படம் மட்டும் ஏறும், ஏனெண்டா வட்ஸ்அப் அதைச் சுருக்கிட்டுத்தான் அனுப்புது. "வட்ஸ்அப் படம் ஏறுது, கெமரா படம் ஏறுதில்ல" எண்டு ஆராவது சொன்னா யோசிக்கவே தேவையில்ல, இந்த லிமிட்தான்.

பிஎச்பிக்குள்ள பாக்க வேண்டியது அஞ்சு. ஒரு பைலுக்கான லிமிட் அப்லோட்_மேக்ஸ்_ஃபைல்சைஸ், 2 எம்பி. முழு போர்முக்குமான லிமிட் போஸ்ட்_மேக்ஸ்_சைஸ், 8 எம்பி. ஒரே நேரத்தில ஏத்துற பைல் எண்ணிக்கை மேக்ஸ்_ஃபைல்_அப்லோட்ஸ், 20, அதுக்கு மேல குடுத்தா மிச்சத்தைச் சத்தம் போடாம விட்டுரும். மெமரி_லிமிட் 128 எம்பி. மேக்ஸ்_எக்சிகியூஷன்_டைம் 30 செக்கண்ட். இதெல்லாம் பிஎச்பி தொழிற்சாலையில இருந்து வாற அளவு, உங்கட ஹோஸ்டிங்கில கூட்டியிருப்பாங்க, குறைச்சும் இருப்பாங்க.

இதில மோசமானது போஸ்ட்_மேக்ஸ்_சைஸ். முதலாவதைத் தாண்டினா பிஎச்பி ஒரு பிழை நம்பராவது தரும், 1 எண்டு. இதைத் தாண்டினா உங்கட போர்மில இருந்த எல்லாத்தையும் வெறுமையாக்கி விட்டுரும், பேர், போன் நம்பர், படம் ஒண்டும் போகாது, எந்தப் பிழையும் ஸ்கிரீனில வராது, போர்ம் திரும்ப வெறுமையா வந்து நிக்கும். விண்ணப்பப் போர்மில சர்டிபிகேட் மூணு நாலை ஸ்கேன் பண்ணிப் போடுற சைட்டுகளில "சப்மிட் அமத்தினா ஒண்டும் நடக்குதில்ல" எண்டு சனம் சொல்றது கணக்க நேரம் இதாலதான். அதால இது எப்பவும் முதலாவதை விடக் கூடவா இருக்கணும்.

மாத்துற இடம்: சிபேனலெண்டா மல்டிபிஎச்பி ஐஎன்ஐ எடிட்டர், சில ஹோஸ்டிங்கில செலக்ட் பிஎச்பி வேர்ஷன் எண்டதுக்குள்ள ஒப்ஷன்ஸ். 64 எம்பி குடுக்கணுமெண்டா 64 போட்டு இங்கிலிஷ் பெரிய எம் எழுத்து ஒண்டை மட்டும் போடுங்க. எம்பி எண்டு ரெண்டு எழுத்தும் போட்டீங்களோ, பிஎச்பி கடைசி எழுத்தைத்தான் பாக்கும், பி எண்டா அதுக்கு ஒண்டும் விளங்காது, 64 பைட் எண்டு எடுத்துரும். கூட்டின பிறகு ஒரு படமும் ஏறாமப் போனா இதை முதல்ல பாருங்க.

டொட் யூசர் டொட் ஐஎன்ஐ பைலில மாத்தினீங்கண்டா உடன பலிக்காது, பிஎச்பி அதை 300 செக்கண்டுக்கு ஒருக்காத்தான் திரும்ப வாசிக்கும். அஞ்சு நிமிசம் பொறுங்க, தேத்தண்ணி ஒண்டு குடிச்சிட்டு வாங்க. சொந்த சேர்வரில உபுண்டு எண்டா பிஎச்பிக்கு ரெண்டு ஐஎன்ஐ பைல் இருக்கும், கருப்பு ஸ்கிரீன் கட்டளைக்கு சிஎல்ஐ போல்டரில ஒண்டு, சைட்டுக்கு எஃப்பிஎம் போல்டரில ஒண்டு. கருப்பு ஸ்கிரீனில கேட்டா சிஎல்ஐ பைலைக் காட்டும், அதை மாத்திட்டு சைட்டில மாறல்லயெண்டு தலையைப் பிச்சுக்கிறவங்க இருக்காங்க. எஃப்பிஎம் பைலை மாத்தி எஃப்பிஎம் சேர்விஸை ரீஸ்டார்ட் பண்ணணும். மாறினதா எண்டு பாக்க பிஎச்பிஇன்ஃபோ பேஜ் ஒண்டு போட்டுப் பாருங்க, லோடட் கொன்பிகரேஷன் பைல் எண்ட வரியில எந்தப் பைலை எடுக்குது எண்டு காட்டும். பாத்து முடிஞ்ச உடன அந்தப் பேஜை அழிச்சிடுங்க, அது சேர்வர்ட உள்வீட்டுக் கதையெல்லாம் ஊருக்குச் சொல்ற பேஜ்.

டொட் எச்டிஅக்சஸில பிஎச்பி_வேல்யூ எண்டு வரி போடச் சொல்லிப் பழைய கட்டுரைகளில இருக்கும். பிஎச்பி, அப்பாச்சி எண்ட வெப் சேர்வர் புரோகிராமுக்குள்ளயே மொடியூலா ஓடுற சேர்வரில அது சரி. எஃப்பிஎம்மில ஓடினா அந்த வரியைப் போட்ட உடன சைட் முழுக்க 500 ஆகிரும், எடுத்தா திரும்ப வந்துரும்.

பிஎச்பியில எல்லாம் கூட்டியாச்சு, வேர்ட்பிரஸ்ஸும் மீடியாப் பக்கத்தில 64 எம்பி எண்டு காட்டுது, ஆனாலும் 413 வருது. அப்ப தடுக்கிறது பிஎச்பிக்கு முன்னால நிக்கிற ஆள், அதாவது எஞ்சின்எக்ஸ், அப்பாச்சி மாதிரி வெப் சேர்வர் புரோகிராம். எஞ்சின்எக்ஸ்ஸில கிளையன்ட்_மேக்ஸ்_பொடி_சைஸ் எண்ட லிமிட் வழமையா 1 எம்பிதான். வேர்ட்பிரஸ்ஸுக்கு எஞ்சின்எக்ஸ்ஸில என்ன கிடக்கு எண்டு தெரியாது, அது பிஎச்பி அளவை மட்டும் பாத்துச் சொல்லுது, அதை நம்பிக்கிட்டு இருக்க வேணாம். சேர்வர் புளொக்குக்குள்ள அந்த வரியைப் போட்டு, எஞ்சின்எக்ஸ்ஸை டெஸ்ட் பண்ணி, ஓகே எண்டு வந்தா மட்டும் ரீலோட் பண்ணுங்க. சில நேரம் 413 எண்டும் வராது, பிரவுசர் கனெக்ஷன் ரீசெட் எண்டு சொல்லும், பைல் ஏறி முடிய முன்னமே சேர்வர் கதவை மூடுறதால.

அப்பாச்சியில லிமிட்ரிக்வெஸ்ட்பொடி எண்டு ஒண்டு இருக்கு, புதிய வேர்ஷனில வழமை அளவு 1 ஜிபி, அதில மாட்டுறது அபூர்வம். ஆனா பழைய ஷெயார்ட் ஹோஸ்டிங்கில பிஎச்பியை ஓட்ட எஃப்சிஜிஐடி எண்ட அப்பாச்சி மொடியூல் இருந்தா எஃப்சிஜிஐடிமேக்ஸ்ரிக்வெஸ்ட்லென் எண்டது வழமையா 131072 பைட், அதாவது 128 கேபி, அதைத் தாண்டினா 500. அதை ஹோஸ்டிங்காரன்தான் கூட்டித் தரணும். கிளவுட்ஃபிளேர் இலவசத் திட்டத்தில ஒரு அப்லோட் 100 எம்பிக்கு மேல போகாது, பேக்கப் பைலைத் திரும்பப் போடுறவங்க இதில முட்டுவாங்க, அதுக்கு எஸ்எஃப்டிபியில நேராக் கொண்டு போய் வைக்கிறதுதான் வழி.

ஆக இருக்கிற லிமிட்டில எது சின்னனோ அதுதான் உங்கட லிமிட். உள்ளுக்க சின்னனா, வெளியில வரவரப் பெரிசா வைங்க: ஒரு பைலுக்கு 32, போர்முக்கு 40, எஞ்சின்எக்ஸ்ஸுக்கு 45 எண்ட மாதிரி. எல்லாத்துக்கும் 2 ஜிபி போட்டா நிம்மதி எண்டு நினைக்க வேணாம், வேணுமெண்டு ஆராவது பெரிய பைலா அனுப்பி டிஸ்க்கை நிறைச்சு விடுவாங்க.

மெமரியையும் பாருங்க. பைல் 5 எம்பிதானே, 128 எம்பி மெமரி போதுமே எண்டு தோணும். ஆனா படத்தைச் சின்னதாக்க சேர்வர் அதை விரிச்சு வைக்கும், ஒரு பிக்சலுக்கு 4 பைட் கணக்கில. 4000க்கு 3000 படமெண்டா 1 கோடி 20 லட்சம் பிக்சல், 48 எம்பி, சமாளிக்கும். 50 மெகாபிக்சல் மோடில எடுத்த படமெண்டா 200 எம்பி, 128இல முடியாது. படம் ஏறி, கடைசியில போஸ்ட் புரொசெசிங் சரிவரல்ல எண்டு சொன்னா இதுதான். மெமரியைக் கூட்டுறதை விட போன் கெமராவை 12 மெகாபிக்சலுக்குக் குறைக்கிறதோ, 2000 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கிப் போடுறதோ புத்தி. அருகம்பேக்கு வர யோசிக்கிற வெள்ளைக்காரனும் போனிலதான் உங்கட ரூம் படத்தைப் பாக்கிறான், 8 எம்பி படம் லோட் ஆகும் வரைக்கும் காத்திருக்க மாட்டான், அடுத்த கெஸ்ட்ஹவுஸுக்குப் போயிருவான்.

சின்ன பைலும் ஏறாட்டி

முதல்ல டிஸ்க். சிபேனல் வலப்பக்கத்தில டிஸ்க் யூசேஜ் கிடக்கும். ஏத்தின பைல் பேர் வருது, ஆனா அளவு 0 பைட் எண்டா பெரும்பாலும் இடம் முடிஞ்ச கேஸ். இடத்தைத் தின்னுறது எது எண்டு பாத்தா பழைய பேக்கப் சிப் பைல், அழிக்காத ஈமெயில், எரர்_லொக் எண்ட பைல் ஜிபி கணக்கில வளந்து போய்க் கிடக்கும். இடம் இருந்தும் "நோ ஸ்பேஸ் லெஃப்ட்" எண்டு சொன்னா ஐநோட், அதாவது பைல் எண்ணிக்கை முடிஞ்சு. சின்னச் சின்ன கேஷ் பைல் லட்சக்கணக்கில சேந்தா அப்பிடி வரும். சொந்த சேர்வரில டிஎஃப் கட்டளையோட எச் போட்டா இடம், ஐ போட்டா ஐநோட்.

மறுகா பெர்மிஷன். போல்டர் 755, பைல் 644, இதுதான் கணக்கு. 777 ஒருநாளும் வேணாம், சில ஹோஸ்டிங்கில 777 கண்டா பிஎச்பி ஓடவே மாட்டன் எண்டு 500 தரும். நம்பர் சரியா இருந்தும் ஏறாட்டி சொந்தக்காரன் ஆரெண்டு பாருங்க. ரூட்டா லொகின் பண்ணி பைல் கொப்பி பண்ணினா சொந்தக்காரன் ரூட் ஆகிரும், உபுண்டுவில வெப் சேர்வர் ஓடுறது டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா எண்ட யூசரில, அவனால அதுக்குள்ள எழுதேலாது. அல்மாலினக்ஸ் மாதிரி சேர்வரில எல்லாம் சரியா இருந்தும் பெர்மிஷன் டினைட் எண்டா அது எஸ்ஈலினக்ஸ் எண்ட இன்னொரு காவல். அதை ஓஃப் பண்ணச் சொல்லி நெட்டில நூறு பேர் சொல்லுவாங்க, செய்ய வேணாம், அப்லோட் போல்டருக்கு மட்டும் எழுதக்கூடிய லேபிள் குடுத்தாப் போதும்.

பிஎச்பி பிழை நம்பர் 6 எண்டா டெம்ப் போல்டர் இல்ல, 7 எண்டா டிஸ்க்கில எழுதேலாது. எஞ்சின்எக்ஸ்ஸும் பெரிய பைலை முதல்ல தன்ட டெம்ப் போல்டரில வச்சுட்டுத்தான் உள்ளுக்க குடுக்கும், அந்த போல்டருக்கு உரிமை இல்லாட்டி சின்ன படம் ஏறும், பெரிசு 500 ஆகும், லிமிட் எண்டு நினைச்சு ஏமாறுவீங்க. லொக்கில "கிளையன்ட் பொடி" எண்டும் "13" எண்டும் ஒரே வரியில கண்டா அதுதான்.

ஏறிட்டு, ஆனா தெரியுதில்ல

பப்ளிக்_எச்டிஎம்எல்லுக்குள்ள போட்டீங்களா, அதுக்கு வெளியிலயா? வெளியில போட்டது ஒருநாளும் சைட்டில வராது. சிபேனலில ரெண்டாவது டொமைன் சேத்திருந்தா அதுக்கு வேற போல்டர், டொமைன்ஸ் பக்கத்தில டொகியுமெண்ட் ரூட் எண்டு கிடக்கும்.

லினக்ஸ் சேர்வரில பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேற வேற. உங்கட விண்டோஸ் கொம்பியூட்டரில எல்லாப் படமும் தெரியும், சேர்வரில பாதி தெரியாது. கெமராவில வாற பைலுக்கு ஜேபிஜி எண்டது பெரிய எழுத்தில இருக்கும், பேஜில நீங்க சின்ன எழுத்தில அடிச்சிருப்பீங்க. விண்டோஸ் பைல் பேரில கடைசித் துண்டை மறைக்கிறதால இன்டெக்ஸ் டொட் எச்டிஎம்எல் எண்டு நீங்க வச்சது உண்மையில முடிவில டிஎக்ஸ்டியும் சேந்து கிடக்கும்.

தமிழில பைல் பேர் வைக்கிறதுக்கு என்ட வோட் இல்ல. லினக்ஸில ஒரு பைல் பேர் 255 பைட் வரைக்கும்தான், தமிழில ஒரு குறியீட்டுக்கு 3 பைட், "கொ" மாதிரி எழுத்துக்கு ரெண்டு குறியீடு, ஆக மொத்தம் 85 குறியீடு. "மாமாங்கேஸ்வரர் ஆலய ஆடி அமாவாசைத் தீர்த்தோற்சவம்" எண்டு முழுசா எழுதினாலே அந்த அளவில அரைவாசிக்கு மேல முடிஞ்சிரும். விண்டோஸில சிப் பண்ணி சேர்வரில விரிச்சா பேர் சிதறியும் போகும். தலைப்பைத் தமிழில போடுங்க, பைல் பேரை இங்கிலிஷில போடுங்க.

தமிழ் பேஜ் ஏறி, எழுத்து மட்டும் தலையில கோடு போட்ட இங்கிலிஷ் ஏ வரிசையாத் தெரிஞ்சா, சேர்வர் அந்தப் பேஜை வேற எழுத்து முறையெண்டு சொல்லி அனுப்புது. பேஜுக்குள்ள யுடிஎஃப்-8 எண்டு நீங்க எழுதியிருந்தாலும் சேர்வர் ஹெடரில சொல்றதைத்தான் பிரவுசர் கேக்கும். அப்பாச்சியில அட்டிஃபோல்ட்சார்செட் எண்ட வரியை யுடிஎஃப்-8க்கு மாத்துங்க. சாதாரண இங்கிலிஷ் எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து தெரிஞ்சா அது சேர்வர் இல்ல, பாமினி போன்டில அடிச்ச எழுத்து, யூனிகோடுக்கு மாத்திட்டுப் போடணும்.

பழைய பேஜே வருதெண்டா கேஷ். கன்ட்ரோலோட எஃப்5, மறுகா கேஷ் பிளக்இன், மறுகா கிளவுட்ஃபிளேர் பர்ஜ். இதுக்கு இவ்வளவு போதும்.

பில்டர் தடுத்தா

பேஜில கூகுள் மேப் புளொக் ஒண்டு, இல்லாட்டி ஸ்கிரிப்ட் ஒண்டு சேத்து சேவ் பண்ணினா மட்டும் 403 இல்லாட்டி 406, அதை எடுத்தா சேவ் ஆகுதெண்டா அது மொட்செக்கியூரிட்டி எண்ட சேர்வர் பில்டர். சேர்வர் அதைத் தாக்குதல் எண்டு நினைச்சிருக்கு. முழுசா நிப்பாட்ட வேணாம், லொக்கில ஒரு ரூல் நம்பர் இருக்கும், அந்த ஒரு ரூலை உங்கட டொமைனுக்கு மட்டும் விலக்கச் சொல்லிக் கேளுங்க.

லொக், அதுக்குப் பிறகு ஹோஸ்டிங்காரன்

சிபேனலில எரர்ஸ் எண்டு ஒரு பக்கம் இருக்கு. சொந்த சேர்வரில வார் போல்டருக்குள்ள லொக், அதுக்குள்ள எஞ்சின்எக்ஸ் இல்லாட்டி அப்பாச்சி2. லொக்கைத் திறந்து வச்சுக்கிட்டு பைலைத் திரும்ப ஏத்துங்க, புதுசா வாற வரிதான் உங்கட வரி. ஏத்தியும் ஒரு வரியும் வரல்லயெண்டா அதுவும் ஒரு விடைதான், பைல் அந்த சேர்வருக்கே வரல்ல, அதுக்கு முன்னால கிளவுட்ஃபிளேரிலயோ பயர்வோலிலயோ நிண்டிருக்கு. நேரத்தைக் கவனிங்க, கணக்க சேர்வரில யுடிசி நேரம், நம்மட நேரம் அதை விட அஞ்சரை மணித்தியாலம் முன்னுக்கு. பின்னேரம் மூண்டரைக்கு ஏத்தின பைலை லொக்கில காலை பத்து மணியில தேடணும்.

ஷெயார்ட் ஹோஸ்டிங்கில எஞ்சின்எக்ஸ்ஸையோ மொட்செக்கியூரிட்டியையோ நீங்க தொடேலாது, டிக்கெட்தான் போடணும். "அப்லோட் வேலை செய்யல, அவசரம்" எண்டு போட்டா கேஷைக் கிளியர் பண்ணுங்க எண்டு ஒரு ரெடிமேட் பதில்தான் வரும். இப்பிடி எழுதுங்க: எந்த டொமைன், எந்தப் பக்கத்தில ஏத்தினது, பைல் பேரும் அளவும், வந்த நம்பர், யுடிசியில நேரம், உங்கட வெளி ஐபி, எவ்வளவு சின்ன பைல் ஏறுது எவ்வளவில இருந்து ஏறுதில்ல, வேற நெட்டில பாத்தீங்களா இல்லையா. 900 கேபி ஏறுது, 1.1 எம்பி 413 எண்டு எழுதினா வாசிக்கிற ஆளுக்கு உடன விளங்கும் அது எஞ்சின்எக்ஸ்ட 1 எம்பி எண்டு, ரெண்டாவது மெசேஜ் தேவைப்படாது. இந்தத் திட்டத்தில கூட்டேலாது எண்டு சொன்னா எந்த லிமிட், எவ்வளவு எண்டு எழுத்தில கேட்டு வாங்கி வச்சுக்கிங்க, அடுத்த ஹோஸ்டிங் வாங்கக்குள்ள காசு கட்ட முன்னம் கேக்க வேண்டிய கேள்வியும் அதுதான்.